மாற்று ஆக்சிடேஸை அடைக்க எந்தத் தடுப்பான்? ஷாம், புரோபைல் கேலேட், ஆஸ்கோஃபியூரனோன்

செல்லின் முக்கியச் சுவாச வழியான சைட்டோகுரோம் வழியைச் சயனைடு அடைத்துவிடும். அதைச் சேர்த்த பிறகும் ஆக்சிஜன் மின்முனையின் கோடு இறங்கிக்கொண்டே இருந்தால், அதாவது ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே இருந்தால், மாதிரியில் மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதோ என்ற சந்தேகம் வரும். தாவரங்கள், பல பூஞ்சைகள், டிரிப்பனோசோமா போன்ற ஒட்டுண்ணிகள் ஆகியவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் இந்த நொதி உண்டு. சுவாசச் சங்கிலியில் எலக்ட்ரான் சுமக்கும் யூபிகுவினாலிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கி நேராக ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தண்ணீராக்கிவிடும். இடையில் புரோட்டான் எதையும் வெளியே தள்ளாது, ஆற்றல் வெப்பமாகவே போய்விடும். சேனைக்கிழங்குக் குடும்பத்துச் சில பூங்கொத்துகள் தொட்டால் சூடாக இருப்பது இதனால்தான்.

சந்தேகத்தை உறுதிசெய்ய நொதியை அடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று பொருள்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம், ஆய்வகத்தில் எல்லோரும் ஷாம் என்பார்கள். அடுத்தது புரோபைல் கேலேட். மூன்றாவது, பூஞ்சணம் தயாரிக்கும் ஆஸ்கோஃபியூரனோன்: குளோரின் ஏறிய ஒரு ஃபீனால் வளையம், அதில் நீண்ட டெர்ப்பீன் வால். விலைப்பட்டியலைப் பார்த்தவுடனே பலர் மூன்றாவதை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறான கணக்கில் எடுத்த முடிவு என்பது என் கருத்து. ஆனாலும் ஷாமைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன.

முதலில் ஷாம். தாவர மைட்டோகாண்ட்ரியாவின் சயனைடுக்கு அசையாத சுவாசத்தை ஹைட்ராக்சாமிக் அமிலங்கள் குறிப்பாகத் தடுக்கின்றன என்று 1971இல் ஷோன்பாம், பானர், ஸ்டோரி, பார் ஆகியோர் காட்டினார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையின் அன்றாடப் பொருள் அதுதான். மலிவு, எங்கும் கிடைக்கும், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலோ எத்தனாலிலோ நன்றாகக் கரையும், பாத்திரத்தைக் கழுவினால் போய்விடும். குறை ஒன்றே ஒன்று, அதுவும் பெரிய குறை: தேவைப்படும் அளவு. பொதுவாக 1 மில்லிமோலார் அளவில் போடுகிறோம். முழு வேர், இலைத்துண்டு என்று வந்தால் அதைவிடப் பல மடங்கு போடுகிறவர்களும் உண்டு.

மில்லிமோலார் அளவில் ஒரு ஹைட்ராக்சாமிக் அமிலம் ஒரு நொதியோடு நிற்காது. இரும்பு, செம்பு போன்ற உலோகங்களைப் பிடிக்கும் குணம் அதற்கு இருப்பதால் பெராக்சிடேஸ், லிப்பாக்ஸிஜனேஸ், டைரோசினேஸ் என்று வேறு பல நொதிகளிலும் கைவைக்கும். வேர்களில் இது நிஜமான தொல்லை. செல்சுவரில் உட்கார்ந்திருக்கும் பெராக்சிடேஸே ஆக்சிஜனைச் செலவழிக்கக்கூடியது. குறைந்த அளவு ஷாம் அதைத் தூண்டிவிடும், கூடுதல் அளவு தடுக்கும். ஆக, ஷாம் போட்டதும் ஆக்சிஜன் உறிஞ்சல் குறைந்தால் அது மாற்று ஆக்சிடேஸ் நின்றதாலா, பெராக்சிடேஸ் நின்றதாலா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. போட்டதும் உறிஞ்சல் கூடுகிறது என்றால் கருவியைக் குறைசொல்லும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புரோபைல் கேலேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1980இல் சீடோவும் கர்வினும் விதைகளின் சுவாசத்தை ஆராய்ந்தபோது அதை இந்த வழியின் தடுப்பானாக அறிமுகப்படுத்தினார்கள். உணவு எண்ணெய்களில் சேர்க்கும் அதே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்தான். ஷாமைவிடக் குறைந்த அளவில், மைக்ரோமோலார் கணக்கில் வேலை செய்யும். ஆனால் லிப்பாக்ஸிஜனேஸையும் தடுக்கும். அப்புறம், காரத்தன்மை ஏறினால் கேலேட் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து கரைசல் பழுப்பாகும். ஆக்சிஜன் அளக்கிற பாத்திரத்துக்குள் ஆக்சிஜனைத் தின்னும் தடுப்பான் என்பது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. நடுநிலைக்குச் சற்றுக் கீழான பிஹெச்சில், அன்றே தயாரித்த கரைசலோடு, ஷாமுக்குச் சாட்சியாகப் பயன்படுத்தலாம். முதல் தேர்வாக நான் எடுக்க மாட்டேன்.

இனி பூஞ்சணத்தின் பொருள். கதை ஆஸ்கோகுளோரினில் தொடங்குகிறது. ஜப்பானில் தாமுராவும் உடன் உழைத்தவர்களும் 1968இல் புதிய ஆன்டிபயாடிக் என்று அதை அறிவித்தார்கள். அதே பூஞ்சணத்திலிருந்து 1970களின் தொடக்கத்தில் ஆஸ்கோஃபியூரனோன் வந்தது. அப்போது இரத்தக் கொழுப்பைக் குறைக்குமா என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பூஞ்சணத்தை முதலில் ஆஸ்கோகைட்டா விசியே என்றார்கள், பின்னால் அது அக்ரிமோனியம் என்று திருத்தப்பட்டது. பழைய கட்டுரையும் புதிய கட்டுரையும் வெவ்வேறு பெயர் சொன்னால் குழம்ப வேண்டாம்.

ஆப்பிரிக்கத் தூக்கநோய் ஒட்டுண்ணியின் இனமான டிரிப்பனோசோமா புரூசையின் சுவாசத்தை இது குறிப்பாக நிறுத்துகிறது என்று 1996இல் மினகாவா குழுவினர் வெளியிட்டார்கள். இரத்தத்தில் வாழும் நிலையில் அந்த ஒட்டுண்ணிக்குச் சைட்டோகுரோம் வழியே கிடையாது. ஆக்சிஜனைத் தொடும் ஒரே நொதி மாற்று ஆக்சிடேஸ்தான். அதனால் சயனைடின் தேவையே இல்லாமல் தடுப்பானை நேரடியாகச் சோதிக்கலாம். இந்த நொதிக்கு எதிராக ஆஸ்கோஃபியூரனோன் நானோமோலார் அளவிலேயே வேலை செய்கிறது. ஷாமோ மைக்ரோமோலாரில்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். 2013இல் இதே ஒட்டுண்ணியின் நொதிக்குப் படிக அமைப்பு கிடைத்தது. மாற்று ஆக்சிடேஸ்களில் முதன்முதலாகக் கிடைத்த அமைப்பு அது. ஆஸ்கோஃபியூரனோனின் வழிச்சேர்மம் ஒன்று, நொதியின் இரண்டு இரும்பு அணுக்கள் இருக்கும் இடத்தை ஒட்டிய குழிக்குள் அமர்ந்திருப்பதும் அதில் தெரிந்தது. எங்கே போய் ஒட்டுகிறது என்பது அணுவளவில் தெரிந்த தடுப்பான் என்றால், கட்டுரையைப் பரிசீலிப்பவர்களிடம் விளக்குவதும் சுலபம்.

சரி, விலை. ஒரு மில்லிகிராமுக்கு என்ன விலை என்று பார்த்தால் ஷாம் எங்கேயோ, இது எங்கேயோ. ஆனால் நாம் செலவழிப்பது ஒரு ஓட்டத்துக்கு, அதாவது ஒருமுறை அளப்பதற்கு, எவ்வளவு என்பதைத்தானே பார்க்க வேண்டும்? 2 மில்லிலிட்டர் கொள்ளும் மின்முனைப் பாத்திரத்தில் ஷாமை 1 மில்லிமோலாராக்க ஏறக்குறைய 0.3 மில்லிகிராம் வேண்டும். ஒரு மில்லிகிராம் மூன்று ஓட்டத்துக்கு வரும். அதே பாத்திரத்தில் ஆஸ்கோஃபியூரனோன் 50 நானோமோலார் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 421, எனவே ஒரு ஓட்டத்துக்கு 42 நானோகிராம். ஒரு மில்லிகிராம் புட்டி இருபதாயிரம் ஓட்டங்களைத் தாண்டும். புட்டி காலியாகும் முன் மாணவர் ஆய்வேட்டை முடித்துப் போயிருப்பார்.

கையாள்வது இப்படி. ஒரு மில்லிகிராமை 238 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக். அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து, இருட்டில், மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். ஒரு பங்கை 500 மடங்கு நீர்த்தால் 20 மைக்ரோமோலார். அதில் 5 மைக்ரோலிட்டரை 2 மில்லிலிட்டர் மாதிரிக்குள் விட்டால் 50 நானோமோலார், டிஎம்எஸ்ஓ கால் சதவீதம்தான். நீர்ப்பதையும் டிஎம்எஸ்ஓவிலேயே செய்வது நல்லது. தண்ணீரில் நீர்த்தால் இந்த எண்ணெய்ப்பசை மூலக்கூறு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நாம் போட்டதாக நினைக்கும் அளவு மாதிரிக்குப் போய்ச் சேராது. இன்னொன்று: வளையத்தில் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆல்டிஹைடு இருக்கிறது. அந்த வகை ஆல்டிஹைடுகள் முதன்மை அமீன்களோடு இமீன் கட்டிக்கொள்ளக் கூடியவை. ஸ்டாக்கை டிரிஸ் போன்ற பஃபரில் தயாரித்து வைக்க வேண்டாம்.

மலிவாகிவிட்டது என்பதால் தொல்லை இல்லை என்று அர்த்தமில்லை. நானோமோலாரில் வேலை செய்யும் ஒரு பொருள் பாத்திரத்தில் துளி மிச்சமிருந்தாலும் அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும். தண்ணீரில் கழுவினால் போகாது. எத்தனாலில் பலமுறை அலசி, பிறகு ஆல்புமின் கரைசலில் ஒருமுறை, கடைசியில் தண்ணீர். அக்ரிலிக் பாத்திரமாக இருந்தால் எத்தனாலை நீண்டநேரம் நிறுத்திவைக்கக் கூடாது, விரிசல் விழும். அன்றைய கடைசி வேலையாக இந்த ஓட்டங்களை வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். தடுப்பான் போடாத மாதிரி ஒன்றை நடுநடுவே ஓட்டி, பழைய வேகமே வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஷாமில் இந்தப் பாடெல்லாம் இல்லை.

விலங்குச் சோதனை என்று வந்தால் கணக்கு தலைகீழ். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருந்தால், 25 கிராம் சுண்டெலிக்கு ஒருவேளைக்கே 2.5 மில்லிகிராம் போகும். பல எலிகள், பல நாள்கள் என்றால் கிராம் கணக்கு. அங்கே அட்டவணையில் இருக்கும் சிறு புட்டிகளை வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை, பூஞ்சணத்தை வளர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆஸ்கோஃபியூரனோனும் ஆஸ்கோகுளோரினும் உருவாகும் வழி முழுவதையும் 2019இல் ஜப்பானியக் குழு ஒன்று அக்ரிமோனியம் ஈஜிப்டியாக்கம் என்ற பூஞ்சணத்தில் கண்டுபிடித்தது. இரண்டும் ஒரே வழியில் வெகுதூரம் வந்து, ஒரு எப்பாக்சைடு கட்டத்தில் பிரிகின்றன. ஆஸ்கோகுளோரின் கிளையை மரபணு நீக்கத்தால் அடைத்துவிட்டு, லிட்டருக்கு அரை கிராம் அளவுக்கு ஆஸ்கோஃபியூரனோனை மட்டும் தயாரிக்கும் இனத்தையும் அவர்கள் உருவாக்கினார்கள். அத்தகைய இனம் கையில் இல்லாமல் சாதாரண இனத்தை வளர்த்தால் இரண்டும் கலந்தே வரும், பிரிக்கும் வேலை நம் தலையில். சின்ன அளவுக்காக அந்த வேலையில் இறங்குவது வீண். முழு வேதித்தொகுப்பு இன்னும் நீண்ட பாதை. மூலக்கூறின் வாலை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்களுக்கே அது பொருந்தும்.

பிரித்ததோ வாங்கியதோ, பொருள் சரிதானா என்று பார்க்க ஒரு வசதி இருக்கிறது. ஆஸ்கோஃபியூரனோனில் ஒரு குளோரின் உண்டு. நிறை நிறமாலையில் எதிர்மின் முறையில் 419இல் ஓர் உச்சி, 421இல் அதன் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னோர் உச்சி என்று ஜோடியாகத் தெரியும். பக்கத்தில் 403, 405 என்று அதே மாதிரி ஜோடி இருந்தால் அது ஆஸ்கோகுளோரின், ஓர் ஆக்சிஜன் குறைந்த உறவுக்காரச் சேர்மம். அதுவும் குளோரின் உள்ளது என்பதால் ஜோடி உச்சியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது, எண்ணையும் பார்க்க வேண்டும்.

இந்த உறவுக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் ஆஸ்கோகுளோரின் எளிதாகக் கிடைக்கிறது, அமைப்பும் ஒத்திருக்கிறது, அதையே போட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. ஆஸ்கோகுளோரின் முக்கிய வழியில் உள்ள சைட்டோகுரோம் பிசி1 தொகுதியையும் தடுக்கும் என்று 2010இல் காட்டியிருக்கிறார்கள். அதாவது மாற்று வழியை மட்டும் மூட வேண்டிய இடத்தில் முக்கிய வழியையும் சேர்த்து மூடிவிடும். சுவாசம் முழுவதும் நின்றுபோகும், எது எதை நிறுத்தியது என்று தெரியாது. வால் பகுதியில் இருக்கும் சின்ன வித்தியாசம் இவ்வளவு செய்கிறது.

அப்படியானால் தூய்மை எவ்வளவு வேண்டும்? 98 சதவீதமா, 95 போதுமா என்று மணிக்கணக்கில் யோசிப்பதைவிட, எந்த அளவில் போடப்போகிறோம் என்று பார்த்தால் விடை வந்துவிடும். 50 நானோமோலாரில் போடும் பொருளில் 2 சதவீதம் ஆஸ்கோகுளோரின் இருந்தால் அது 1 நானோமோலார், கண்டுகொள்ள வேண்டியதில்லை. 10 மைக்ரோமோலாரில் போட்டால் அதே 2 சதவீதம் 200 நானோமோலாராகிவிடும், அப்போது கவலைப்படத்தான் வேண்டும். மனித செல்களில் இந்தக் குடும்பச் சேர்மங்களைப் போடுகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கையும் உண்டு. நம்மிடம் மாற்று ஆக்சிடேஸ் கிடையாது என்பதால் ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிடக் கூடாது. பிரிமிடின் தயாரிப்பில் வரும் டைஹைட்ரோஓரோடேட் டீஹைட்ரஜனேஸையும் இவை தடுக்கின்றன. அதுவும் யூபிகுவினோனைத் தொடும் நொதிதான்.

எந்த வேலைக்கு எது என்று வந்தால், டிரிப்பனோசோமா என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆஸ்கோஃபியூரனோன். ஆதாரம் மிக உறுதியாக இருப்பது அங்கேதான். பிரித்தெடுத்த தாவர மைட்டோகாண்ட்ரியாவிலும், நொதியை வேறு உயிரியில் வெளிப்படுத்திச் சோதிப்பதிலும் அதையே எடுப்பேன். ஆனால் டிரிப்பனோசோமாவின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அந்த நொதிக்கென்று ஓர் அளவு-விளைவு வளைகோட்டை வரைந்துவிட்டுத்தான் ஓட்டம்.

முழு வேர், இலை, விதை போன்ற பெரிய மாதிரிகளில் ஷாமை விட முடியாது. குளியலின் கொள்ளளவு பெரிது, பொருள் திசுவுக்குள் ஊற வேண்டும், பழைய முடிவுகளோடு ஒப்பிடவும் வேண்டும். அங்கே பெராக்சிடேஸ் சந்தேகத்துக்குத் தனியாகப் பதில் சொல்லும் சோதனை ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

ஸ்ட்ரோபிலூரின் வகைப் பூஞ்சைக்கொல்லிகளை அகார் தட்டில் சோதிக்கிறவர்கள் வேறு விதமான சிக்கலில் இருக்கிறார்கள். அந்த மருந்துகள் பிசி1 தொகுதியை அடைக்கும்போது பூஞ்சை மாற்று ஆக்சிடேஸ் வழியாகத் தப்பித்து வளரும், மருந்து வேலை செய்யவில்லை என்ற தவறான எண்ணம் வரும். அதைத் தடுக்க மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஷாம் கலப்பது வழக்கம். மோலார் கணக்கில் அது 0.65 மில்லிமோலார். லிட்டர் லிட்டராக அகார் ஊற்றும் வேலைக்கு இதுதான் நடைமுறை. ஆனால் சில பூஞ்சைகளின் வளர்ச்சியை ஷாம் தானாகவே குறைத்துவிடும். அதனால் ஷாம் மட்டும் உள்ள தட்டு ஒவ்வொரு தொகுதியிலும் இருக்க வேண்டும், மருந்து சேர்ந்த தட்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும், வெறும் அகாரோடு அல்ல. இதைச் செய்யாத எண்களை நான் நம்புவதில்லை.

எதை எடுத்தாலும் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை மலிவாகக் கிடைக்கிறது. ரொட்டி ஈஸ்டுக்கு மாற்று ஆக்சிடேஸ் கிடையாது. நீங்கள் போடப்போகும் அதே அளவை ஈஸ்டில் போடுங்கள். அதன் சுவாசம் குறைந்தால் உங்கள் தடுப்பான் வேறெதையோ தொடுகிறது. மரபணு நீக்கிய இனம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆய்வகத் தாவரமான அராபிடாப்சிஸில் அத்தகைய இனங்கள் உள்ளன. அதில் தடுப்பான் போட்டும் எதுவும் மாறவில்லை என்றால் மறுபேச்சு இல்லை. முடிந்த இடத்தில் இரண்டு தடுப்பான்களை வைத்து ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பேன். ஆனால் ஷாமும் புரோபைல் கேலேட்டும் நல்ல ஜோடி இல்லை, இரண்டும் லிப்பாக்ஸிஜனேஸைத் தொடுகின்றன. ஷாமும் ஆஸ்கோஃபியூரனோனும் பொருந்தும்.

தாவர மைட்டோகாண்ட்ரியாவில் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம். அங்கே நொதி முழு வேகத்தில் ஓட பைருவேட்டும் ஒடுக்கும் பொருளும் சேர்க்க வேண்டும். ஆனால் பைருவேட் சயனைடோடு வினைபுரிந்து சயனோஹைட்ரினாக மாறிவிடும். சயனைடு தீர்ந்துபோக, முக்கிய வழி மெல்லத் திறந்துகொள்ளும். தடுப்பான் சரியாக அடைக்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பைருவேட் இருக்கும் ஓட்டத்தில் சயனைடுக்குப் பதில், பிசி1 தொகுதியை அடைக்கும் ஆன்டிமைசின் ஏ அல்லது மிக்சோதயசால் போட்டால் இந்த வம்பு இல்லை.

இந்தத் தடுப்பான்கள் எவையும் பதில் சொல்லாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. உயிருள்ள திசுவில் இந்த நிமிடம் எத்தனை சதவீத எலக்ட்ரான்கள் மாற்று வழியில் போகின்றன? ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் மற்ற மடைக்குத் திரும்பிவிடும். அடைத்த பிறகு அளப்பது திறன், அடைக்கும் முன் இருந்த ஓட்டம் அல்ல. அதற்கு ஆக்சிஜன் ஐசோடோப்பு முறை வேண்டும். ஆக்சிஜன் 18 என்ற கனமான ஐசோடோப்பை மாற்று ஆக்சிடேஸ், முக்கிய வழியின் நொதியைவிடக் கூடுதலாக ஒதுக்குகிறது, அந்த வித்தியாசத்திலிருந்து பங்கைக் கணக்கிடலாம். இந்தக் கேள்விதான் உங்களுடையது என்றால் எந்தத் தடுப்பான் வாங்குவது என்று அலையாமல், நிறைமானி இருக்கும் ஆய்வகத்தைத் தேடுங்கள். தடுப்பான்கள் அங்கேயும் வேண்டும்தான், ஒவ்வொரு வழியும் தனியாக எவ்வளவு ஒதுக்குகிறது என்று அளந்து முனைகளைக் குறித்துக்கொள்ள.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால், கரைசலாக விற்பதைவிடப் பொடியாக வாங்குங்கள். அந்தக் குறிப்பிட்ட தொகுதியின் பகுப்பாய்வுத் தாளைக் கேளுங்கள், பொதுவான மாதிரித் தாள் அல்ல. பூஞ்சணத்திலிருந்து பிரித்ததா, செயற்கையாகத் தொகுத்ததா என்றும் கேட்க வேண்டும். ஆஸ்கோஃபியூரனோனின் வாலில் ஒரு கைரல் மையம் உண்டு, அதனால் இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்கள் சாத்தியம். பூஞ்சணம் ஒரே வடிவத்தைத்தான் செய்யும், தொகுத்த பொருளில் இரண்டும் கலந்திருக்கலாம். பிறகு அந்தத் தொகுதி எண்ணை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த புட்டி வரும்போது, பழைய புட்டியில் மிச்சம் இருக்கும்போதே, இரண்டையும் ஒரே மாதிரியில் ஓட்டி வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்த்துவிடலாம்.